பிரேத்தே ஆற்றங்கரை: ஒரு நடைவழியின் வரலாறு

இங்கிலாந்தின் வடமேற்கே ‘லேக் டிஸ்ட்ரிக்ட்’ என்று வழங்கும் ஏரிகள் நிறைந்த மலைநாட்டில், ரைநோஸ் கணவாயை ஒட்டிய மேட்டுநிலத்தில் பிறக்கும் பிரேத்தே ஆறு, லிட்டில் லாங்டேல் என்னும் சிறிய மலையேரியைக் கடந்து, கால்வித் அருவியாக விழுந்து, எல்டர்வாட்டர் ஏரிக்குள் புகுந்து வெளியேறி, ஸ்கெல்வித்தில் மீண்டும் அருவியாகி, ஆம்பிள்சைடு ஊருக்கு அருகில் ராத்தே ஆற்றோடு கூடி விண்டர்மியர் ஏரியில் கலக்கிறது. இதன் கரையில் ஸ்கெல்வித் பாலத்திலிருந்து எல்டர்வாட்டர் சிற்றூர் வரை செல்லும் சுமார் 2 கிலோமீட்டர் பாதை, ஏற்ற இறக்கம் அதிகமில்லாததால், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் பெற்றோர்க்கும் முதியோர்க்கும் ஏற்ற குடும்ப நடைவழியாக இன்று பெயர் பெற்றிருக்கிறது. ஆறும் ஏரியும் அருவியும் ஒரு மணி நேர நடைக்குள் அடங்கிவிடும் இவ்விடத்தை மனிதக் கை படாத இயற்கையின் எடுத்துக்காட்டாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால் இக்கரையின் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறு. இதில் பொழுதுபோக்காக நடப்பது மிகப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த வழக்கம். அவ்வழக்கத்தை எளிய மக்களும் அடைந்ததற்குப் பின்னால் வழக்குகளும் கிளர்ச்சிகளும் சட்டங்களும் உள்ளன.

பனியூழிக் காலத்தில் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கு இது. எல்டர்வாட்டர் ஒரே ஏரியாகப் பெயர் பெற்றாலும், உண்மையில் ஒன்றோடொன்று இணைந்த மூன்று நீர்ப்பரப்புகளைக் கொண்டது. கிரேட் லாங்டேல் ஓடையும் பிரேத்தே ஆறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அதைச் சிறுகச் சிறுகத் தூர்த்து, ஓரங்களை நாணற்காடாக்கி வருகிறது. அதற்குக் கீழே ஸ்கெல்வித் அருவியின் வீழ்ச்சி ஏறத்தாழ 5 மீட்டர்தான் என்றாலும், லாங்டேல் பள்ளத்தாக்குகள் இரண்டின் மழைநீரும் அந்த ஒரே பாறை இடுக்கு வழியாக வெளியேற வேண்டியிருப்பதால், உயரமான பல அருவிகளுக்கு இல்லாத நீர்ப்பெருக்கு அதற்கு உண்டு.

மேலே எழும் லாங்டேல் சிகரங்களில், குறிப்பாக பைக் ஆஃப் ஸ்டிக்கிள் சரிவில், புதிய கற்காலத்து மக்கள் பசுமை நிறமுள்ள எரிமலைப் பாறையை உடைத்துக் கோடரிகள் செய்தனர். கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டில் செழித்திருந்த இக்கல்தொழிலின் கோடரிகள் பிரிட்டன் தீவெங்கும் அயர்லாந்திலும் கிடைத்துள்ளன. மலையில் உடைத்து உருக்கொடுத்த கற்களைக் கீழே கொண்டுவந்து, வேறிடங்களில் மணற்கல்லில் தேய்த்து மெருகேற்றினர் என்பதால், இப்பள்ளத்தாக்கில் சுமையோடு நடந்தோரின் வரலாறு குறைந்தது ஐந்தாயிரம் ஆண்டுப் பழமை உடையது. பின்னர் ரோமானியர் விண்டர்மியர் ஏரியின் வடமுனையில், இந்த ஆறு கலக்கும் இடத்துக்கு அருகிலேயே, ஒரு கோட்டை கட்டி, அங்கிருந்து ரைநோஸ், ஹார்ட்நாட் கணவாய்களைத் தாண்டிக் கடலோரம் வரை சாலை அமைத்தனர். இடைக்காலத்தில், 1127இல் நிறுவப்பட்ட ஃபர்னஸ் மடத்தின் துறவிகள் ஆற்றின் தென்புறக் காடுகளைத் தம் உடைமையாக்கி, ஆட்டு மந்தைகளும் இரும்புருக்கும் உலைகளும் நடத்தினர். நெடுங்காலம் பிரேத்தே ஆறே லங்காஷயருக்கும் வெஸ்ட்மர்லாந்துக்கும் எல்லையாக இருந்தது. அவ்விரண்டும் கம்பர்லாந்தும் சந்திக்கும் ரைநோஸ் உச்சியில் நாட்டிய எல்லைக்கல் இன்றும் நிற்கிறது. 1974இல் கம்ப்ரியா என்ற புதிய மாவட்டம் உருவானபோது அந்த எல்லை வழக்கொழிந்தது.

இக்கரையின் நடுநாயகமான தொழில், இன்றைய பார்வையாளர் சற்றும் எதிர்பாராத ஒன்று: வெடிமருந்து உற்பத்தி. எல்டர்வாட்டர் ஊரையொட்டி, கிரேட் லாங்டேல் ஓடையின் கரையில், 1824இல் தொடங்கப்பட்ட வெடிமருந்து ஆலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. கருமருந்து என்றும் சொல்லப்படும் பழைய வெடிமருந்து மூன்று பொருள்களின் கலவை. பொதுவான விகிதத்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். இவற்றுள் உள்ளூரில் கிடைத்தது மரக்கரி மட்டுமே. சுற்றியிருந்த காடுகளில் மரத்தை அடியோடு வெட்டாமல், தரையை ஒட்டி அறுத்து, கட்டையிலிருந்து மறுதாம்பாகத் தழைக்கும் கொம்புகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டும் முறை பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. அக்கொம்புகளை வட்டமாக அடுக்கி, புல்லும் மண்ணும் போட்டு மூடி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கினர். இராமநாதபுரம் பகுதியில் சீமைக்கருவேல விறகைக் கொண்டு கரிமூட்டம் போடுவதைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. வெடிமருந்துக்கு எல்லாக் கரியும் ஏற்றதல்ல. ஆல்டர், பிர்ச் முதலிய மென்மரங்களின் கரியும், மலைச்சரிவுகளில் வளரும் ஜூனிப்பர் புதரின் கரியும் சிறந்தவையாகக் கொள்ளப்பட்டன.

வெடியுப்பின் கதை இதைவிடத் தொலைவிலிருந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டனுக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, அதிலும் சிறப்பாக பீகாரிலிருந்து, கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. கால்நடைத் தொழுவங்களையும் பழைய மண்சுவர்களையும் சுற்றிப் பூத்திருக்கும் உப்புமண்ணைக் கோடையில் சுரண்டியெடுத்து, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சிப் படிகமாக்கும் அவ்வேலையை நோனியா என்னும் சமூகத்தார் பரம்பரையாகச் செய்து வந்தனர். அவர்களிடமிருந்து மலிவாகப் பெற்ற உப்பு, கப்பலின் அடித்தளத்தில் நிறைபாரமாகவும் பயன்பட்டு, ஐரோப்பியப் போர்களுக்கும் சுரங்கங்களுக்கும் உணவாயிற்று. எல்டர்வாட்டரின் அமைதியான ஓடைக்கரையைப் பீகாரின் வறண்ட ஊர்ப்புறத்தோடு கட்டிப்போட்ட இந்த வணிகத்தை எந்த வழிகாட்டிப் பலகையும் முதன்மையாகச் சொல்வதில்லை. ஆயினும் இவ்விடத்தின் வரலாற்றில் இதற்கு நிகரான முக்கியத்துவமுடைய செய்தி வேறில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆலையின் அமைப்பே அபாயத்தை எதிர்பார்த்துத் திட்டமிடப்பட்டது. பொருள்களை அரைத்துக் கலக்கும் கொட்டகை, கலவையை அழுத்திக் கட்டியாக்கும் கொட்டகை, கட்டியை உடைத்து மணிமணியாக்கும் கொட்டகை, மணிகளை உருட்டி மினுக்கும் கொட்டகை, உலர்த்தும் அறை, கிடங்கு ஆகிய அனைத்தும் ஒன்றில் தீப்பிடித்தால் மற்றொன்றுக்குப் பரவாதபடி ஓடையோரம் தள்ளித்தள்ளிக் கட்டப்பட்டு, இடையே மரங்கள் நடப்பட்டன. சுவர்கள் தடித்த கல்லாலும், கூரை இலேசான பலகையாலும் அமைந்தன. வெடித்தால் அதன் விசை பக்கத்தில் பாயாமல் மேல்நோக்கிப் போய்விட வேண்டும் என்பதே நோக்கம். கலக்கும் கொட்டகையில், செங்குத்தாக நிறுத்திய இரு பெரிய கல்லுருளைகள் நீர்ச்சக்கரத்தின் விசையால் ஒரு வட்டத் தொட்டியில் சுற்றிச்சுற்றி ஓட, ஈரம் தெளித்த கலவை மணிக்கணக்கில் அரைபடும். தொழிலாளர் ஆலைக்குள் நுழையும்போது தீப்பெட்டியோ புகைக்குழாயோ இருக்கிறதா என்று சோதிக்கப்பட்டனர். ஆணி அடிக்காத காலணியும் பையில்லாத உடையும் அணிந்தனர். கருவிகள் மரத்தாலோ செம்பாலோ ஆனவை. சுமையிழுக்கும் குதிரைகளுக்கும் தீப்பொறி தெறிக்காத செம்பு இலாடமே கட்டப்பட்டது. இத்தனை எச்சரிக்கையையும் மீறி வெடிவிபத்துகள் நேர்ந்தன, உயிர்கள் பலியாயின.

நீர்ச்சக்கரங்களுக்குக் கோடையிலும் தண்ணீர் குறையாதிருக்க, ஆலை நிறுவனத்தார் 1838இல், லாங்டேல் சிகரங்களின் மடியில் உள்ள ஸ்டிக்கிள் டார்ன் என்ற மலையேரிக்குக் கல்லணை கட்டி, மழைக்காலத்து நீரைத் தேக்கிவைத்து வேண்டும்போது திறந்துவிட்டனர். ‘டார்ன்’ என்பது அவ்வட்டாரத்தில் பனியாறு குடைந்த சிறு மலையேரிக்கு வழங்கும் பெயர். இன்று மலையேறுவோர் இயற்கை அழகின் உச்சமாகப் படம்பிடிக்கும் அந்த நீர்ப்பரப்பு, இவ்வாறு ஆலைக்காக உயர்த்தப்பட்டது.

இங்கு உற்பத்தியான மருந்தின் பெரும்பகுதி போருக்குப் போகாமல், சுரங்கங்களிலும் கல்குவாரிகளிலும் பாறை தகர்க்கவே பயன்பட்டது. ஆனால் இம்மலைநாட்டின் வெடிமருந்துத் தொழில் முழுவதற்கும் அவ்வாறு சொல்ல இயலாது. 1764இல் கெண்டலுக்கு அருகே செட்ஜ்விக்கில் தொடங்கிய முதல் ஆலையின் காலத்தில், இப்பகுதி மருந்து லிவர்பூல் வணிகர் வழியாக ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, அடிமைகளை வாங்கும் பண்டமாற்றுப் பொருள்களில் ஒன்றாக இருந்தது. பிரிட்டன் அடிமை வணிகத்தை 1807இல் தடைசெய்த பின்னரே எல்டர்வாட்டர் ஆலை தோன்றியது என்பதால் அந்தப் பழி அதன்மேல் நேரடியாக விழாவிட்டாலும், அது கற்ற தொழில்நுட்பமும் அது நுழைந்த சந்தையும் முன்னோர் வகுத்துத் தந்தவையே. டைனமைட் போன்ற புதிய வெடிபொருள்கள் பரவியதும் கருமருந்தின் தேவை குறைந்தது; முதல் உலகப் போருக்குப் பின் பெருநிறுவனங்களின் இணைப்பில் சிக்கிய இவ்வாலை 1930ஐ ஒட்டி மூடப்பட்டது. அதன் வளாகம் இப்போது விடுமுறை விடுதிகளின் தோட்டமாகியிருக்கிறது. அரைகற்களும் வாய்க்கால்களும் மரங்களுக்கிடையே எஞ்சியுள்ளன.

மருந்தை வாங்கியவர்கள் பக்கத்திலேயே இருந்தனர். எரிமலைச் சாம்பல் அழுந்தி இறுகிப் பலகைபலகையாகப் பிளவுபடும் பச்சை நிறக் கல்லான சிலேட்டு, எல்டர்வாட்டர், லிட்டில் லாங்டேல் குவாரிகளில் வெட்டியெடுக்கப்பட்டுக் கூரை வேயப் பயன்பட்டது. லிட்டில் லாங்டேலில் பிரேத்தே ஆற்றைக் கடக்கும் ஸ்லேட்டர் பாலமும் அக்கற்பலகைகளால் ஆனதே. தண்டவாளம் எட்டாத இப்பள்ளத்தாக்கில் கல்லும் கம்பளியும் பொதிக்குதிரைகளின் முதுகிலும் பின்னர் வண்டிகளிலும் சென்றன. இப்பகுதியின் ஆற்றங்கரைப் பாதைகளும் காட்டுப் பாதைகளும் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை; வேலைக்குப் போனோரும் கரிமூட்டக்காரரும் கோயிலுக்குச் சென்றோரும் அவற்றைத் தேய்த்துத் தேய்த்து வழியாக்கினர். லாங்டேல் நெடுங்காலம் கிராஸ்மியர் திருச்சபைப் பங்கைச் சேர்ந்திருந்ததால், இறந்தவர்களையும் மேடு கடந்து அங்கே சுமந்து சென்று அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

எல்டர்வாட்டரின் இன்னொரு தொழில் அளவில் சிறியது, கருத்தில் பெரியது. ஆலைத் தொழில் மனிதனின் கைத்திறனையும் மனநிறைவையும் அழிக்கிறது என்று எழுதிவந்த ஜான் ரஸ்கின், 1872 முதல் அருகிலுள்ள கானிஸ்டன் ஏரிக்கரையில் வாழ்ந்தார். அவருடைய கருத்துகளால் ஈர்க்கப்பட்ட ஆல்பர்ட் ஃபிளெமிங் என்பவரும், அவர் இல்லத்தை நிருவகித்துவந்த மேரியன் ட்வெல்வ்ஸ் என்னும் பெண்மணியும், 1883இல் எல்டர்வாட்டரில் ஒரு குடிசையை எடுத்து, அப்பகுதியில் வழக்கொழிந்து போயிருந்த இராட்டை நூற்பை மீட்டனர். ஆளிச் செடியின் நாரிலிருந்து இழை நூற்கக் கிராமத்து மூதாட்டிகள் உட்படப் பெண்கள் கற்றுக்கொண்டு, இராட்டையைத் தம் வீட்டுக்கே கொண்டுபோய் நூற்றுக் கூலி பெற்றனர். பழைய கைத்தறி ஒன்று துண்டுதுண்டாக வந்து சேர, அதைப் பொருத்தத் தெரிந்தவர் இல்லாமல், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஜியோட்டோ வடிவமைத்த மணிக்கூண்டில் உள்ள நெசவாளச் சிற்பத்தின் படத்தைப் பார்த்தே பூட்டினார்கள் என்று அவ்வியக்கத்தின் வரலாறு கூறுகிறது. இதே ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலை 1904இல் தென்னாப்பிரிக்க இரயில் பயணத்தில் படித்துத் தம் வாழ்க்கையை மாற்றிக்கொண்ட காந்தியடிகள், 1908இல் அதனைச் ‘சர்வோதயம்’ என்ற பெயரில் குஜராத்தியில் தழுவி எழுதினார். எல்டர்வாட்டர் இராட்டைக்கும் இந்தியாவின் கதர் இராட்டைக்கும் நேரடித் தொடர்பு கூறுவது மிகையாகும். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே என்பது மட்டும் மிகையன்று.

இத்தகைய உழைப்பு நிலத்தில் வெறுமனே பார்ப்பதற்காக நடப்பது என்ற வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தலைகாட்டியது. கவிஞர் தாமஸ் கிரே 1769இல் இம்மலைநாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய குறிப்புகளும், தாமஸ் வெஸ்ட் 1778இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் கனவான்களை இங்கு ஈர்த்தன. எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று வெஸ்ட் ‘நிலையங்கள்’ குறித்துத் தந்தார். பயணிகள் கிளாடு கண்ணாடி என்ற, சற்றே புடைத்த, கருநிறச் சாயமேற்றிய சிறு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து, காட்சிக்கு முதுகு காட்டி நின்று, அதில் விழும் பிம்பத்தை ஓர் ஓவியமாகக் கண்டு களித்தனர். அவர்களும் பெரும்பாலும் வண்டியிலோ குதிரையிலோ வந்தவர்களே. கால்நடையாகப் பயணம் செய்வது வறியோர்க்கும் நாடோடிகளுக்கும் உரியதாகக் கருதப்பட்டது. 1782இல் இங்கிலாந்தை நடந்தே சுற்றிய ஜெர்மானியரான கார்ல் மோரிட்ஸ், நடந்து வந்த ஒரே காரணத்துக்காக விடுதிகளில் இழிவாக நடத்தப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் நடப்பது இன்னும் கடுமையாக நோக்கப்பட்டது. 1794இல் தம் அண்ணனான கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்துடன் கெண்டலிலிருந்து கிராஸ்மியர் வழியாகக் கெசிக் வரை நடந்த டாரதி, அதற்காக தாய்மாமன் மனைவியின் கண்டனத்துக்கு ஆளாகி, அஞ்சாமல் மறுமொழி எழுதினார். நடை ஒரு பண்பாடாக மதிப்புப் பெற்றதில் வில்லியமின் கவிதைகளுக்கு உள்ள பங்கு எல்லோரும் அறிந்தது; டாரதியின் பங்கு அதற்குக் குறைந்ததன்று.

ஆயினும் அதே வேர்ட்ஸ்வொர்த், 1844இல் விண்டர்மியருக்கு இரயில் பாதை அமைக்கும் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்; ஆலைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினால், அழகை நுகரப் பழகாத அவர்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும் என்பது அவர் வாதம். இரயில் 1847இல் வந்தது. லங்காஷயரின் பஞ்சாலை ஊர்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறை நாள்களில் வந்து இறங்கின. கவிஞரின் அச்சத்தில் நிலத்தின்மீதுள்ள அன்பு உண்டு. ஏழைகளின் கண்ணைக் குறைத்து மதிப்பிட்ட பிழையும் உண்டு. அப்பிழையைச் செயலால் திருத்தியவர் கோல்ன் என்னும் ஆலை நகரத்துத் திருச்சபைப் போதகர் ஆர்தர் லெனர்ட். விடுமுறை வாரத்தில் கடற்கரைக் கேளிக்கைகளில் தொழிலாளரின் சேமிப்பு கரைவதைக் கண்டு வருந்திய அவர், 1891இல் சுமார் முப்பது பேரை, பிரேத்தே ஆறு ஏரியில் கலக்கும் இடத்தருகே உள்ள ஆம்பிள்சைடுக்கு அழைத்துவந்து மலைகளில் நடக்கவைத்தார். அதன் விளைவாக 1893இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் உருவாகி, குறைந்த செலவில் நடைப்பயணங்களை நடத்தியது. 1930இல் தோன்றிய இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதி ஒன்று பின்னர் எல்டர்வாட்டரிலும் அமைந்தது.

நடக்க ஆள் இருந்தால் போதாது, நடக்க உரிமை வேண்டும். இங்கிலாந்தில் பொது நடைபாதை என்பது அரசு நிலமன்று; தனியார் நிலத்தின்மீது பொதுமக்களுக்குள்ள நடைபாதைப் பாத்தியதை. தடையின்றி நெடுங்காலம் மக்கள் நடந்து வந்த வழி அவர்களுக்கு உரியதாகிறது என்பது அதன் அடிப்படை. அக்காலம் 20 ஆண்டுகள் என்று பின்னர்ச் சட்டம் வரையறுத்தது. 19ஆம் நூற்றாண்டில் நிலவுடைமையாளர் பலர் இத்தகைய வழிகளை வேலியிட்டு மூடினர். 1887இல் கெசிக் ஊரருகே லாட்ரிக் குன்றுக்குச் செல்லும் வழி மூடப்பட்டபோது, ஏறத்தாழ 2,000 பேர் தடைகளை அகற்றிக்கொண்டு குன்றின் உச்சிக்கு நடந்து சென்றனர். அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டால் உச்சிக்குரிய வழி திறந்தது. அவ்வட்டாரப் பாதைப் போராட்டத்தில் முன்நின்ற பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் ஆகியோருடன் சேர்ந்து 1895இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பை நிறுவினார். அழகிய நிலங்களை வாங்கி, விற்க முடியாதபடி பொதுமக்களுக்காகக் காக்கும் அவ்வறக்கட்டளைக்கு, வரலாற்றாசிரியர் ஜி.எம். டிரெவெல்யன் லாங்டேல் பண்ணைகளை வாங்கி அளித்தார். குழந்தைக் கதைகளால் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர் 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் விட்டுச்சென்றார்.

1932இல் பீக் மாவட்டத்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்த இளந்தொழிலாளரில் ஐவர் சிறை சென்ற நிகழ்ச்சி, நடக்கும் உரிமைக்கான கோரிக்கையை நாடறியச் செய்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கு வழிவகுத்ததோடு, ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள பொது நடைபாதைகளை அளந்து சட்டபூர்வமான நிலப்படத்தில் பதிய வேண்டும் என்றும் விதித்தது. 1951இல் லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா ஆயிற்று. உல்வர்ஸ்டனிலிருந்து கார்லைல் வரை செல்லும் கம்ப்ரியா நெடுநடைவழி ஸ்கெல்வித்–எல்டர்வாட்டர் கரையைத் தன்னில் சேர்த்துக்கொண்டது. மிக அண்மைக் காலத்தில், ஆற்றுக்குப் பாலமிட்டும், சேற்றுநிலத்தில் சரளை இட்டு உயர்த்தியும், ஏறிக் கடக்க வேண்டிய வேலிப்படிகளை நீக்கி வாயிற்கதவு வைத்தும், சக்கர நாற்காலியில் வருவோரும் செல்லத்தக்கதாகப் பாதை செப்பனிடப்பட்டது. கைக்குழந்தையோடு ஒரு தாய் இதில் நடக்க முடிவது இவ்வேலையின் பயன்.

1980களின் இறுதியில் இம்மலைநாட்டை உலக மரபிடமாக்க பிரிட்டன் செய்த முயற்சி, இதனை இயற்கையில் சேர்ப்பதா பண்பாட்டில் சேர்ப்பதா என்ற குழப்பத்தில் தடைப்பட்டது; அக்குழப்பமும் ஒரு தூண்டுதலாகி யுனெஸ்கோ 1992இல் ‘பண்பாட்டு நிலக்காட்சி’ என்ற புதிய பிரிவை ஏற்படுத்த, அப்பிரிவிலேயே 2017இல் இடம் கிடைத்தது. அந்த ஏற்பில் ஆட்டுப்பண்ணை வாழ்வும் கவிஞர்களும் பாதுகாப்பு இயக்கமும் பெரிதும் பேசப்பட, கரிமூட்டக்காரரும் மருந்தாலைத் தொழிலாளரும் ஓரத்திலேயே நின்றுவிட்டது நியாயமன்று. எனவே எல்டர்வாட்டர் கரையில் நடக்க வாய்க்கும் தமிழ் வாசகர்கள், உடல்நலம் இடங்கொடுத்தால், மறுநாள் கிரேட் லாங்டேல் வழியாக ஸ்டிக்கிள் டார்ன் வரை ஏறி, 1838இல் கட்டிய அந்தக் கல்லணையையும் பார்த்துவர வேண்டும்.